இருபது பாட்டும் எட்டுப் பேரும்

மார்கழியில் வேறு காரியம் எதையும் வைத்துக்கொள்ளாமல் அந்த முப்பது நாள்களையும் இறைவனுக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள் நம் பெரியோர். காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு அந்த ஒதுக்கீடு வயலோடும் பொருந்தி வருவது. நடவும் களையெடுப்பும் முடிந்து சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும். அறுவடைக்குத் தை பிறக்க வேண்டும். கைக்கு வேலை குறைந்து நாவுக்கு வேலை கிடைக்கும் மாதம் அது. அரசலாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர்ச் சிவாலயத்தில், விடிவதற்கு இரண்டு நாழிகை இருக்கையில் நடை திறந்து, திருவெம்பாவை இருபது பாடல்களையும் ஒன்றும் விடாமல் பாடுவது எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடந்து வருகிறது. திருவாதிரைக்கு முந்தைய பத்து நாள்களில் மாணிக்கவாசகப் பெருமானை எழுந்தருளச் செய்து, பாட்டுக்கொரு தீபாராதனை காட்டுவார்கள். நெய் குறைந்த ஆண்டுகளில் கற்பூரம் காட்டியதுண்டு, பாட்டு குறைந்ததில்லை.

அந்த மார்கழியில் எங்கள் குழுவினரைக் கடல் கடந்து வரும்படி ஒரு கடிதம் அழைத்தது. தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கில் வாழும் தமிழன்பர்கள் சிலர் அனுப்பியது. ‘கலாசாரப் பரிமாற்றம்’ என்று தலைப்பிட்டிருந்தார்கள். எட்டுப் பேருக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் தருவதாகவும், மறு ஆண்டு அங்கிருந்து ஒரு குழு நம் பக்கத்துக் கோயில்களைத் தரிசிக்க வர விரும்புவதாகவும் எழுதியிருந்தார்கள். ஓதுவார் ஒருவர், நாகஸ்வரம் ஒருவர், தவில் ஒருவர், பாவைப் பாட்டுக் குழுவின் பெண்கள் நால்வர், அவர்களோடு ஓய்வுபெற்ற தமிழாசிரியையான நான் என்று கணக்கிட்டால் எட்டு சரியாக வந்தது. எங்களில் விமானத்தில் ஏறியிருந்தவர் ஒருவருமில்லை.

வேறு எந்த நாடாக இருந்திருந்தாலும் நான் அந்தக் கடிதத்தை மரியாதையாக மறுத்து எழுதியிருப்பேன். பாங்காக் என்ற பெயர்தான் என்னைத் தடுத்தது. மார்கழி, தை மாதங்களை ஒட்டி அந்நாட்டு அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் விழாவின் பெயர் திரியம்பாவாய். அதனை அடுத்து வருவது திரிபாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையுமே நாவு மாறி இப்படி நிற்கின்றன. சிவபெருமான் பத்து நாள் பூவுலகிற்கு எழுந்தருளுகிறார் என்பதும், அதன்பின் திருமால் ஐந்து நாள் எழுந்தருளுகிறார் என்பதும் அவர்களுடைய நம்பிக்கை. பத்து நாள் என்ற கணக்கு நம் திருவாதிரைக் கணக்கை நினைவூட்டுவதை அன்பர்கள் கவனிக்கலாம். தேவஸ்தான் என்ற அவர்களது ஆலயத்தில் சிவன், விநாயகர், நாராயணன் மூவருக்கும் தனித்தனிச் சன்னிதிகள் உண்டு. அருகிலேயே 1784-ஆம் ஆண்டில் முதலாம் ராமா மன்னர் அமைத்த மாபெரும் ஊஞ்சல், செந்நிறத் தூண்களோடு நிற்கிறது. விழாவில் அதில் ஏறி வானளாவ ஆடுவார்களாம். விபத்துகள் நேர்ந்ததால் 1935-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஊஞ்சலையோ வழிபாட்டையோ விடவில்லை. காஞ்சிப் பரமாச்சாரிய சுவாமிகள் இந்த விழாவைத் தம் அருளுரைகளில் எடுத்துக்காட்டி, நாம் மறந்ததை அயல்நாட்டார் காத்து வருகிறார்கள் என்ற பொருள்பட நமக்கு உணர்த்தியிருக்கிறார்கள்.

பொருள் தெரியாத பாட்டை, தலைமுறை தலைமுறையாகச் சொல் தேய்ந்துபோன பின்னும், இறைவன் திருமுன் சொல்லிக்கொண்டே வந்த ஒரு கூட்டம் அங்கே இருக்கிறது. பொருள் தெரிந்தும் சோம்பலால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் கூட்டம் இங்கே இருக்கிறது. (என் வீட்டிலேயே இருவர் உண்டு; பெயர் வேண்டாம்.) அவர்கள் பாடுவதை ஒரு முறையேனும் காதால் கேட்க வேண்டும், நாம் பாடுவதை அவர்கள் கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பிறந்தது.

ஓதுவாரய்யாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவருக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. திண்ணையில் அமர்ந்து முழுவதும் கேட்டுவிட்டு, “எந்த மாதம் என்று சொன்னீர்கள், டீச்சரம்மா?” என்றார்.

“மார்கழி.”

“அப்படியானால் இங்கே யார் பாடுவது?”

கடல் கடக்கலாமா என்றுதான் கேட்பார் என எண்ணி, அதற்கு விடைகளைத் தயாராக வைத்திருந்தேன். அறுபத்துமூவருள் ஒருவரான அதிபத்த நாயனார் நாகப்பட்டினத்துக் கடலோடிதானே. வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர் அவர். அதே நாகையிலிருந்து நம் மக்கள் ராஜுலா கப்பலில் ஏறிப் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் போனதை இன்றைய முதியோர் பலர் கண்ணால் கண்டிருப்பார்கள். எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்து நின்றுபோகும் வரை அந்தப் போக்குவரத்து இருந்தது. சீன நாட்டுக் குறிப்புகளின்படி ராஜராஜ சோழர் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் அங்கே போய்ச் சேர்ந்தது. வழியில் ஆங்காங்கே தங்கிக் காற்றுக்குக் காத்திருந்து 1,150 நாள் பயணம் செய்ததாம். 1077-இல் போன சோழர் குழுவில் 72 பேர். தாய்லாந்தின் தகுவாபாவிலேயே, மணிக்கிராமத்து வணிகரையும் ஒரு குளத்தையும் குறிப்பிடும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆக, கடலைப் பற்றி எத்தனை கேட்டாலும் சொல்லியிருப்பேன். அவர் கடலைப் பற்றிக் கேட்கவேயில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை. எங்கள் குழுவில் பாடத் தெரிந்தவர் அனைவரும் அந்த எட்டுப் பேருக்குள் அடங்கிவிட்டோம். நாங்கள் புறப்பட்டால் திருவாதிரைப் பத்து நாளும் சன்னிதி ஊமையாகிவிடும். ஒலிநாடாவைப் போட்டுவிடலாம் என்று ஊரில் ஒருவர் யோசனை சொன்னார். ஒலிபெருக்கி பாட, சுவாமி கேட்க, நாம் பாங்காக்கில் பரிமாற்றம் செய்வதா? எனக்கு ஒப்பவில்லை. ஓதுவாரய்யா மறுமொழியே சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

அதற்கு விடை தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லில் வெட்டிக் கிடந்தது. பள்ளிப் பணியில் இருந்தபோது ஆண்டுதோறும் மாணவியரை அங்கே அழைத்துச் சென்று, எழுத்தெழுத்தாகக் காட்டிய கல்வெட்டு அது. உடையார் ஸ்ரீராஜராஜ தேவர், திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கென 48 பிடாரர்களையும், அவர்களோடு உடுக்கை வாசிப்பவர் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரையும் நியமித்தார். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல். சிவன் என்று முடியும் தீட்சைப் பெயர்களோடு ஒவ்வொருவர் பெயரும் அங்கே இருக்கிறது. அதற்கு மேல் அந்த அரசர் எண்ணிப் பார்த்திருக்கிறார். இவர்களில் ஒருவர் இறந்துவிட்டாலோ, தேசாந்திரம் போய்விட்டாலோ என்ன செய்வது? அவருக்கு அடுத்த உறவினர் அந்த இடத்தில் நின்று பாடி நெல்லைப் பெற வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரைப் பாட வைக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் மற்றவர்கள் கூடித் தகுந்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பாடகர் தேசாந்திரம் போகக்கூடும் என்று அரசர் எதிர்பார்த்தார். போகக் கூடாது என்று தடுக்கவில்லை. பாட்டு நிற்கக் கூடாது என்பது ஒன்றே அவர் கவலை.

மறுநாள் இதை ஓதுவாரய்யாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, “தகுதியுள்ளவர் என்று அரசரே சொல்லியிருக்கிறார் அல்லவா? சரி. ஆறு பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள். ஐப்பசி முடிவதற்குள் இருபதையும் ஏடு பாராமல் பாட வேண்டும். பாடினால் நான் வருகிறேன். பாடாவிட்டால் நீங்கள் ஏழு பேர் போய்வாருங்கள்” என்றார். ஆகவே, வெளிநாட்டுப் பயணத்திற்கான எங்கள் முதல் ஆயத்தம், போகாதவர்களுக்குப் பாடம் சொல்வதாக அமைந்தது.

ஆடி மாதத்தில், ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரத்தில், ஆறு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நான்கு சிறுமியர், இரண்டு சிறுவர். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. மாலையில் ஒரு மணி நேரம் என் வீட்டுக் கூடத்தில் ஓதுவாரய்யா பாட, பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். ழகரம் முதல் வாரத்தில் வரவில்லை. மூன்றாம் வாரத்தில் தேவையில்லாத இடத்திலெல்லாம் வந்தது. பொருள் சொல்வது என் பங்கு. முதல் எட்டுப் பாடல்கள் தோழியைத் துயிலெழுப்புவன என்று சொன்னதும், “அவள் எட்டுப் பாட்டு வரைக்கும் எழுந்திருக்கவே மாட்டாளா டீச்சர்?” என்று ஒரு சிறுவன் கேட்டான். உரையாசிரியர்கள் தரும் விளக்கம் அவனுக்குப் போதவில்லை. தன் அக்காளைப் பற்றிச் சொல்லித் தானே சமாதானம் அடைந்தான்.

போகிறவர்களின் ஆயத்தம் தாள்களில் தொடங்கியது. குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் அதே பெயர் வேறு எழுத்தில், பள்ளிச் சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து மட்டும். ஓதுவாரய்யாவின் பெயரோடு ஒட்டியிருந்த தேசிகர் என்ற மரபுப் பெயர் மூன்று தாள்களில் மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. கடவுச்சீட்டு அலுவலகத்தில் இருந்தவர்கள் பொறுமையாகவே உதவினார்கள். என்றாலும், எழுத்துப் பிழையைத் திருத்த இன்னொரு தாளும், அந்தத் தாளைப் பெற வேறொரு தாளும் தேவைப்படும் வழி நம் அன்பர்கள் அறிந்ததே. அதை விரித்துச் சொல்லப் போவதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவில் முதற்குரல் கொடுப்பவர் வயல் வேலை செய்பவர். அறுபதை நெருங்கும் அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. இருபது பாடல்களையும் காதால் கேட்டே கற்றவர். ஓதுவாரய்யாவுக்குப் பிடித்த குரல் அவருடையதுதான். அவருடைய விரலைக் கருவியில் வைத்தால் ரேகை விழவில்லை. கை கழுவி வைத்தார்கள், துடைத்து வைத்தார்கள், வேறு விரலை வைத்தார்கள். அந்த அம்மாள் அலுவலரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “நாற்பத்தஞ்சு வருசம் நாத்து நட்ட கை சாமி. ரேகையெல்லாம் சேத்துல கெடக்குது” என்றார். அலுவலரும் சிரித்தார், ஆனால் கருவி சிரிக்கவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். ஒரு வாரம் கையில் தேங்காயெண்ணெய் தடவி, வேலைக்குப் போகாமல் இருக்கும்படி சொன்னோம். அந்த வாரத்துக் கூலியை நாங்கள் ஏழு பேரும் பகிர்ந்து கொடுக்க முன்வந்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாம் முறை ரேகை விழுந்தது. சோறு போட்ட கையை அடையாளம் தெரியவில்லை என்று ஒரு கருவி சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

வாத்தியங்களுக்குத் தனி ஆயத்தம் வேண்டியிருந்தது. எங்கள் வித்துவானின் நாகஸ்வரம் நரசிங்கம்பேட்டையில் கடைந்த பாரி நாகஸ்வரம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையவர்கள் 1955-ஆம் ஆண்டில் அவ்வூர் ரங்கநாத ஆசாரியைக் கொண்டு அமைத்த வகை அது. பழைய வீடுகளிலிருந்து பிரித்தெடுத்த ஆச்சா மரத்தைத்தான் அவ்வூரார் விரும்புவார்கள். வைரம் பாய்ந்த மரம் பயணத்துக்கு அஞ்சாது. அஞ்ச வேண்டியது சீவாளியைப் பற்றித்தான். காவிரிக் கரைக் கொறுக்கையை வெட்டி, அவித்து, உலர்த்தி, பல நாள் பதப்படுத்திச் செய்யும் அந்தச் சிறு நாக்கு, காற்றின் ஈரம் மாறினால் குரலை மாற்றிக்கொள்ளும். விமானத்தில் குளிரூட்டிய வறண்ட காற்று. இறங்கினால் பாங்காக்கின் புழுக்கம். வித்துவான் இரண்டு டஜன் சீவாளிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் வாயில் வைத்துப் பார்த்து, ஈரத்துணியில் சில, உலர்ந்த டப்பாவில் சில என்று பிரித்து வைத்தார். சீவாளியைச் சரிசெய்யும் குச்சி அவர் பாட்டனார் காலத்து யானைத் தந்தம். அதைக் கடல் கடந்து எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தராது என்று கேட்டறிந்தோம். நாகஸ்வரத்தோடு சேர்ந்தே தொங்கிய குச்சியை அவர் அவிழ்த்துப் பூஜை அறையில் வைத்துவிட்டு, கருங்காலிக் குச்சி ஒன்றைக் கட்டிக்கொண்டார். அன்று மாலை அவர் வாசிக்கவில்லை.

தவிலின் பலாக்கட்டை உடலும், இருபுறத் தோலும் நனையாமலும் காயாமலும் இருக்கப் பழைய நூல்புடவைகளைச் சுற்றிப் பெட்டி செய்தோம். பூவரசங்கழியையும், துணியைப் பசையில் தோய்த்துச் செய்த விரல் கூடுகளையும் தவில்காரர் தம் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன் என்றார். அந்தக் கூடுகளைச் சோதனைச் சாவடியில் எப்படி விளக்குவது என்று ஒரு மாலை முழுவதும் பேசிச் சிரித்தோம்.

சுருதியிலும் ஒரு சிக்கல் எழுந்தது. பாரி நாகஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலிப்பது. எங்கள் பெண்கள் ஐந்து கட்டைக்குக் குறைந்தால் குரல் எடுபடாது. ஊரில் இது தெரியாது. நாகஸ்வரம் வெளி மண்டபத்தில், பாட்டு உள்ளே அர்த்தமண்டபத்தின் முன். மேடையிலோ எல்லாரும் ஒரே விரிப்பில் அமர வேண்டுமாம். சேர்ந்து இசைக்கும்படி அமைப்பாளர்கள் கேட்டிருந்தார்கள், முயன்று பார்த்தோம். சுருதி சேராத பாட்டைச் சுவாமியே பொறுத்தாலும் தவில்காரர் பொறுக்கவில்லை. நாகஸ்வரம் வாசித்து ஓய்ந்தபின், சிறிது அமைதிவிட்டு, பெண்கள் தொடங்குவது என்று முடிவு செய்தோம்.

ஐப்பசியில் நிகழ்ச்சி நிரல் வந்தது. எங்களுக்கு முப்பது நிமிடம். அதில் அறிமுகம் ஐந்து, நாகஸ்வரம் பதின்மூன்று, திருவெம்பாவை பன்னிரண்டு. இருபது பாடல்களையும் எங்கள் மரபில் பாடப் பன்னிரண்டு நிமிடம் போதவே போதாது. முதல் முறையாகக் குழுவுக்குள் குரல் உயர்ந்தது. “அழைத்தவர் சொன்ன நேரத்துக்குள் வாசிப்பதுதான் தொழில் முறை” என்றார் தவில்காரர். “தொழிலுக்குப் போகிறவர்கள் போகட்டும்” என்றார் ஓதுவாரய்யா. பெண்கள் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு 1838-ஆம் ஆண்டின் செய்தி ஒன்று மனத்தில் ஓடியது. கடலூரை அடுத்த திருவந்திபுரத்துப் பெருமாள் கோயிலைச் சார்ந்த தேவதாசியர் ஐவரும் வாத்தியக்காரர் மூவருமாக எட்டுப் பேரை, பிரெஞ்சு வியாபாரி ஒருவர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றினார். அவர்களில் ஆறு வயதுக் குழந்தையும் இருந்தாள். பாரிசிலும் லண்டனிலும் நாடக மேடைகளில் ஆடினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின, அம்மணி என்பவரைச் சிற்பி ஒருவர் வெண்கலத்தில் வார்த்தார். தெய்வத்தின் முன் ஆடியதை அங்கே காட்சிப் பொருளாக நாடகங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். ஒப்பந்தம் அவர்கள் கையில் இல்லை. எதை ஆடுவது, எவ்வளவு ஆடுவது என்பதும் அவர்கள் கையில் இருந்திருக்காது. நாங்களும் எட்டுப் பேர். ஆனால் எங்களை ஒருவரும் விலைக்கு வாங்கவில்லை. கேட்டால் தருவார்கள், கேட்க வேண்டியது நம் கடமை.

இதற்கு மாறாக இன்னொரு பயணமும் உண்டு. 1966 அக்டோபர் 23 அன்று எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் ஐக்கிய நாடுகள் சபையில் பாடியபோது, பரமாச்சாரிய சுவாமிகள் அந்த அவைக்கென்றே வடமொழியில் அருளிய நட்புப் பாடலையும், ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடலையும் சேர்த்துக்கொண்டார். கேட்பவர்க்காகப் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்களே தவிர, தம் இசையை அவர்களுக்காகச் சிதைக்கவில்லை. அந்தப் பாடல்கள் இன்று நம் வீடுகளிலும் ஒலிக்கின்றன. மேடைக்கு மரியாதை செய்ய இப்படியும் வழி உண்டு.

ஓதுவாரய்யாவே முடிச்சை அவிழ்த்தார். தேவாரப் பதிகம் முழுவதும் பாட நேரமில்லாத இடத்தில் முதற் பாட்டையும் திருக்கடைக்காப்பையும் பாடி நிறைவு செய்வது ஓதுவார் மரபில் உள்ளதுதான் என்றார். மேடையில் முதல் பாட்டும், இடையே தொடர்ச்சியாகச் சிலவும், இருபதாம் பாட்டும் பாடுவது. ஆனால் பாங்காக்கில் சீலோம் சாலையில் தமிழர் எடுப்பித்த மாரியம்மன் கோயிலில், தங்கும் நாள் அனைத்தும் விடியற்காலையில் இருபதும் பாட அனுமதி வேண்டும். அதை எழுதிக் கேட்டேன். மகிழ்ச்சியோடு ஒப்புதல் வந்தது. அமைப்பாளர்கள் எங்களைவிட நல்லவர்களாக இருந்தார்கள் என்றே சொல்வேன்.

நாங்களும் அவர்களுக்காக ஒன்றைச் சேர்த்தோம். கூப்பிய கையோடு சவாதீ என்று வணங்குவது அந்நாட்டு முறை. பெண்கள் ‘கா’ என்றும், ஆண்கள் ‘க்ரப்’ என்றும் முடிக்க வேண்டும். தவில்காரர் ஒரு வாரம் ‘கா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இந்தச் சவாதீ என்பது ஸ்வஸ்தி என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று அறிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பெரிய கோயில் கல்வெட்டுகள் ஸ்வஸ்தி ஸ்ரீ என்றுதானே தொடங்குகின்றன! மூன்று குறுணி நெல்லுக்குப் பாடிய பிடாரரின் பெயரும் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் இருக்கிறது.

ஐப்பசி கடைசி சோமவாரத்தன்று பிள்ளைகளுக்குத் தேர்வு. அர்த்தமண்டபத்தின் முன் நிற்க வைத்து, ஓதுவாரய்யா கண்ணை மூடிக்கொண்டு தூணில் சாய்ந்தார். வெளியே அடைமழை. பத்துப் பாட்டுகள் தடையின்றிப் போயின. பதினோராம் பாட்டின் நடுவில் மூத்த பெண் ஓர் அடியை விட்டுத் தாவினாள். மற்ற ஐவரும் அவள் பின்னே தாவிவிட்டார்கள். ஓதுவாரய்யா கண்ணைத் திறக்கவில்லை. நீராடும் அந்தப் பாட்டில் பிள்ளைகள் தடுக்கியதைப் பார்த்துப் பயணம் போயிற்று என்றே எண்ணினேன். ஆனால் கடைசிச் சிறுவன் கையை உயர்த்தி, “விட்டுப்போச்சு” என்றான். தாமே நின்று, அந்தப் பாட்டை முதலிலிருந்து எடுத்து, இருபது வரை பாடி முடித்தார்கள். “தப்பினால் தெரிகிறது, அது போதும்” என்றார் ஓதுவாரய்யா. அன்றிரவே பெட்டிக்கு அளவெடுக்கச் சொன்னார்.

எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அந்த ஆறு பிள்ளைகளின் வாசலிலும் போய் எழுப்புவது யார்? பதினோராம் பாட்டில் தாவினால் அருகில் நிற்பது யார்? கல்வெட்டு தகுதியுள்ளவரைத் தேடச் சொல்கிறது. அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பும் வேலைக்கு நெல் ஒதுக்கவில்லை. மேலும், எங்கள் நாகஸ்வர வித்துவானோடு இருபது ஆண்டுகளாகப் பக்கத்தில் நின்று வாசித்துவரும் அவர் தம்பி, எட்டு என்ற எண்ணிக்கையால் பட்டியலில் விடுபட்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடவுச்சீட்டு அவரிடம் முன்பே இருந்தது. ஒரு கும்பாபிஷேகத்திற்குக் கப்பலா, விமானமா என்று கேட்டுக்கேட்டு எடுத்து வைத்து, கடைசியில் போகாமல் போனதாம். என் இடத்தில் அவர் பெயரை எழுதும்படி அமைப்பாளர்களுக்குத் தெரிவித்தேன். முழங்கால் வலியைக் காரணமாகச் சொன்னேன், அது பொய்யுமல்ல.

பயணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் தெருவே அடுக்களையாயிற்று. புளி அவல், பருப்புப் பொடி, மாவடு. திருவாதிரைக் களிக்கு வறுத்த அரிசி ரவையும் வெல்லமும் தனித்தனிப் பொட்டலம். ஏழு கறிக் கூட்டுக்குப் பாங்காக்கில் காய் கிடைக்குமா என்று ஒரு கவலை. பரங்கியும் வாழையும் அந்த நாட்டிலும் விளைகின்றன என்று சொல்லித் தேற்றினேன். திருநீறு மட்டும் முத்திரையிட்ட பையில், ஓதுவாரய்யாவின் கையில்.

மார்கழி பதினைந்தாம் தேதி மாலை, திருச்சி விமான நிலையத்துக்கு வேன் புறப்பட்டது. முதற்குரல் கொடுக்கும் அம்மாள் ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க வராம எப்படி டீச்சர்?” என்று கேட்டார். சொரசொரப்பான அந்த விரல்களை விடவே எனக்கு மனமில்லை. ஓதுவாரய்யா முன்னிருக்கையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நேரே பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

மறுநாள் எங்கள் சன்னிதியில் பிள்ளைகள் ஆறாம் பாட்டில் இருந்தபோது என் கைப்பேசி அதிர்ந்தது. பாங்காக்கில் அப்போது ஆறரை மணி இருக்கும். வெளிப் பிராகாரத்துக்கு வந்து எடுத்தேன். விமானத்தைப் பற்றியோ ஊரைப் பற்றியோ ஓதுவாரய்யா ஒன்றும் சொல்லவில்லை. “பதினொன்று வந்துவிட்டதா?” என்றார்.

“இன்னும் ஐந்து பாட்டு இருக்கிறது.”

“வைத்துவிடாதீர்கள். இருக்கிறேன்” என்றார். கைப்பேசியைச் சன்னிதியை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.